டெய்ம்லர் கவச கார்: பார்த்துவிட்டுத் திரும்புவதற்காக உருவான போர் வண்டி

டெய்ம்லர் கவச கார் என்பது இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் உருவாக்கிய நான்கு சக்கரக் கவச வண்டி. 1941-இல் படையில் சேர்ந்த இவ்வண்டி வட ஆப்பிரிக்கா, இத்தாலி, வடமேற்கு ஐரோப்பா ஆகிய போர்முனைகளில் பணியாற்றியது. சிறு எண்ணிக்கையில் பர்மா போர்முனையையும் எட்டியது. எல்லா வகைகளையும் சேர்த்து மொத்தம் 2,694 வண்டிகள் தயாரிக்கப்பட்டன.

இந்த எண்ணிக்கை அதிகமன்று. இதைவிடத் தடித்த கவசமும் பெரிய பீரங்கியும் கொண்ட வண்டிகள் அப்போரில் பல இருந்தன. ஆயினும் கவச கார்களின் வரலாற்றில் டெய்ம்லருக்குத் தனி இடம் உண்டு. எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்ப்பதும், அந்தச் செய்தியோடு உயிருடன் திரும்புவதும்தான் வேவு வண்டியின் வேலை. இந்த ஒரே தேவையைச் சுற்றியே இதன் பெரும்பாலான உறுப்புகள் அமைந்தன. வண்டியின் வடிவம், இயந்திரம், கியர், பின்பக்க ஸ்டீயரிங் ஆகிய ஒவ்வொன்றையும் அந்தத் தேவையோடு பொருத்திப் பார்த்தால்தான் இதன் வடிவமைப்பு விளங்கும்.

கவச கார் ஏன் தேவைப்பட்டது?

டாங்கிக்கும் கவச காருக்கும் உள்ள முதல் வேறுபாடு தரையைத் தொடும் இடத்தில் இருக்கிறது. டாங்கி இரும்புச் சங்கிலித் தடத்தில் ஓடுகிறது. சேற்றிலும் பள்ளத்திலும் அது சக்கர வண்டியை வென்றுவிடும். ஆனால் தடத்துக்குச் சில குறைகள் உண்டு. அது எழுப்பும் ஓசை நெடுந்தூரம் கேட்கும். சாலையில் நீண்ட தூரம் ஓடினால் விரைவில் தேயும். எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். ரப்பர் சக்கரங்களில் ஓடும் வண்டி இதற்கு நேர்மாறானது. அது ஓசை குறைந்தது, சாலையில் வேகமானது, நாள்தோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடினாலும் தாங்கக் கூடியது.

முன்காலத்தில் படைக்கு முன்னே சென்று வேவு பார்த்தது குதிரைப்படை. இயந்திர யுகத்தில் அந்தப் பணி கவச கார்களுக்கு வந்தது. அதனால்தான் பிரிட்டனின் பழைய குதிரைப்படை ரெஜிமென்ட்கள் பலவும் கவச கார் ரெஜிமென்ட்களாக மாறின.

ஆனால் போர் தொடங்கியபோது பிரிட்டனின் கையில் இருந்த கவச கார்கள் பெரும்பாலும் பழையவை. எகிப்தில் இருந்த 11-ஆம் ஹுஸார் ரெஜிமென்ட், 1920-களின் ரோல்ஸ் ராய்ஸ் கவச கார்களை அப்போதும் பயன்படுத்தி வந்தது. அவற்றின் அடிப்படை முதல் உலகப் போருக்கு முந்தைய சில்வர் கோஸ்ட் கார். 1940-இல் பிரான்சில் போரிட்ட பிரிட்டிஷ் படையில் இருந்த ஒரே கவச கார் ரெஜிமென்ட் 12-ஆம் லான்சர்ஸ். அதன் மாரிஸ் வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே இயக்கம் உண்டு. சுழல் கோபுரத்துக்கு மேல்மூடி இல்லை. லாரி அல்லது காரின் சட்டத்தின்மேல் கவசத் தகட்டைப் பொருத்துவதே அதுவரை இருந்த வழக்கம். வேவுப் பணிக்கென்றே அடியிலிருந்து சிந்தித்து உருவாக்கப்பட்ட வண்டி தேவைப்பட்டது.

சின்ன வண்டியிலிருந்து பெரிய வண்டி

டெய்ம்லர் கவச காரின் மூலம் ஒரு சிறிய வண்டியில் இருக்கிறது. 1938 அளவில் பிரிட்டிஷ் ராணுவம் இரண்டு பேர் மட்டும் செல்லக்கூடிய சிறிய வேவு வண்டி ஒன்றைத் தேடியது. போட்டியிட்ட மாதிரிகளில் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் வடிவமைப்பு தேர்வானது. டெய்ம்லர் நிறுவனம் அப்போது பி.எஸ்.ஏ. குழுமத்தின் ஓர் அங்கம். எனவே உற்பத்தி டெய்ம்லரிடம் சென்றது. படைவீரர்களிடையே அந்தச் சிறு வண்டிக்கு நிலைத்த பெயர் டிங்கோ. சுமார் 3 டன் எடையும் தாழ்ந்த உடலும் கொண்ட அவ்வண்டி போர் முடியும்வரை உற்பத்தியில் இருந்தது. 6,600-க்கும் மேற்பட்டவை தயாராயின.

டிங்கோவின் வெற்றி அடுத்த கேள்வியை எழுப்பியது. இதே அமைப்பைப் பெரிதாக்கி, சுழல் கோபுரமும் பீரங்கியும் பொருத்தினால் என்ன? அவ்வாறு பிறந்ததுதான் டெய்ம்லர் கவச கார். தொடக்கத்தில் அதற்கு இடப்பட்ட அதிகாரப்பூர்வப் பெயர், சக்கரங்களில் ஓடும் இலகு டாங்கி என்று பொருள்படும். இந்தப் பெயரில் ஒரு முரண்பாடு ஒளிந்திருந்தது. இது பார்த்துவிட்டு ஓடவேண்டிய வண்டியா, நின்று சுடவேண்டிய வண்டியா? போர் முழுவதும் இந்தக் கேள்வி அவ்வண்டியைத் தொடர்ந்தது.

சிறு வண்டியைப் பெரிதாக்குவது எளிதாக இருக்கவில்லை. கூடிய எடையைத் தாங்க முடியாமல் சக்தி கடத்தும் உறுப்புகள் பழுதாயின. கோவென்ட்ரி நகரத்தின் மீது ஜெர்மன் விமானங்கள் நடத்திய குண்டுவீச்சுகளில் டெய்ம்லரின் ஆலையும் சேதமடைந்தது. 1939-இல் முதல் மாதிரி தயாரான வண்டி படையை அடைய 1941 ஆயிற்று.

அடிப்படை விவரங்கள்

எடை சுமார் 7.6 டன். நீளம் ஏறத்தாழ 4 மீட்டர், அகலம் 2.46 மீட்டர், உயரம் 2.26 மீட்டர். குழுவினர் 3 பேர். கவசத்தின் தடிமன் இடத்துக்கு ஏற்ப 7 முதல் 16 மில்லிமீட்டர். 4.1 லிட்டர் கொள்ளளவும் 6 சிலிண்டர்களும் கொண்ட பெட்ரோல் இயந்திரம் 95 குதிரைத் திறனைத் தந்தது. சாலையில் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் சுமார் 330 கிலோமீட்டர் செல்லும். ஆயுதங்கள் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள 2 பவுண்டர் பீரங்கியும், அதன் அருகே பொருத்திய 7.92 மில்லிமீட்டர் பெசா இயந்திரத் துப்பாக்கியும் ஆகும்.

இந்தப் பட்டியலில் 16 மில்லிமீட்டர் என்னும் எண்ணைக் கவனிக்க வேண்டும். அது துப்பாக்கிக் குண்டையும் வெடிகுண்டுச் சிதறலையும் தடுக்கும். டாங்கி எதிர்ப்புப் பீரங்கி எதையும் தடுக்காது. ஆகவே இவ்வண்டியைக் காக்க வேறு வழி வேண்டும். முதலாவது, எதிரியின் கண்ணிலும் காதிலும் படாமல் இருப்பது. இரண்டாவது, பட்டுவிட்டால் உடனே அகல்வது.

ஓசையைக் குறைத்த இயந்திர அமைப்பு

டெய்ம்லர் நிறுவனம் போருக்கு முன் அரச குடும்பத்துக்கும் செல்வர்களுக்கும் கார் செய்து கொடுத்த நிறுவனம். அத்தகைய கார்களில் ஓசையின்மையும் அதிர்வின்மையும் முதன்மைத் தகுதிகள். ஆடம்பரத்துக்காக வளர்ந்த அந்தத் தொழில்நுட்பம் போர்க்களத்தில் எதிர்பாராத பயனைத் தந்தது.

1930 முதல் டெய்ம்லர் கார்களில் திரவ ஃப்ளைவீல் என்னும் அமைப்பு இடம்பெற்றது. ஓடும் மின்விசிறி ஒன்றின் எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால், காற்றின் விசையால் இரண்டாவதும் மெல்லச் சுழலத் தொடங்கும். திரவ ஃப்ளைவீலின் தத்துவம் அதுவே. இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். இயந்திரத்தோடு இணைந்த சக்கரம் எண்ணெயைச் சுழற்றும், அந்த எண்ணெய் கியர் பெட்டியோடு இணைந்த சக்கரத்தைச் சுழற்றும். இரண்டுக்கும் இடையில் இரும்போடு இரும்பு உரசும் கிளட்ச் இல்லை. எனவே வண்டி குலுங்காமல் புறப்படும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியரில் நிற்கலாம், அணையாது. மரத்தடியில் மறைந்து நிற்கும் வண்டி, தேவைப்பட்ட நொடியில் சத்தமின்றி நழுவ இது உதவியது.

இதனோடு சேர்ந்தது முன்தேர்வு கியர் பெட்டி. அதன் மூல வடிவமைப்பாளர் வால்ட்டர் கார்டன் வில்சன். முதல் உலகப் போரில் வில்லியம் ட்ரிட்டனோடு இணைந்து உலகின் முதல் டாங்கிகளை வடிவமைத்தவரும் இவரே. சாதாரணக் கியர் பெட்டியில் கியர் மாற்ற முடிவு செய்வதும் மாற்றுவதும் ஒரே நேரத்தில் நிகழும். முன்தேர்வுப் பெட்டியில் அவை இரண்டு தனிச் செயல்கள். அடுத்து எந்தக் கியர் வேண்டும் என்பதை ஓட்டுநர் முன்கூட்டியே நெம்புகோலால் தேர்ந்து வைப்பார். அப்போது எதுவும் மாறாது. தேவைப்படும் தருணத்தில் மிதியை ஒருமுறை மிதித்தால் போதும், கியர் மாறிவிடும்.

ஆபத்தான திருப்பம் ஒன்றை நெருங்கும் ஓட்டுநருக்கு இதன் மதிப்பு தெரியும். திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையில், அடுத்து வேண்டிய கியரை அவர் முன்பே தேர்ந்து வைக்கலாம். பதற்றத்தில் கை தடுமாறி, கியர் உரசி, வண்டி நின்றுபோகும் வாய்ப்பு பெரிதும் குறைந்தது.

முன்னும் பின்னும் ஒரே வேகம்

டெய்ம்லரின் மிகச் சிறந்த கூறு அதன் பின்னோட்டம். சாதாரண வண்டிக்கு முன்செல்லப் பல கியர்களும் பின்செல்ல ஒன்றும் இருக்கும். டெய்ம்லரில் முன்னோக்கி ஐந்து கியர், பின்னோக்கியும் ஐந்து கியர். கியர் பெட்டிக்கு அடுத்து அமைந்த மாற்றுப் பெட்டி திசையை மட்டும் திருப்பியது. வேகங்கள் இரு திசைக்கும் பொது.

ஒடுங்கிய கிராமச் சாலையில், இருபுறமும் வேலி சூழ, எதிரே திடீரெனப் பீரங்கி ஒன்று தென்பட்டால் என்ன செய்வது? வண்டியைத் திருப்ப இடமில்லை. திருப்ப முயன்றால் மெல்லிய பக்கக் கவசத்தை எதிரிக்குக் காட்டவேண்டி வரும். ஒரே வழி, வந்த வழியே பின்னோக்கி விரைவது. மெதுவான ஒரே பின் கியர் மட்டும் இருந்தால் அந்தப் பயணம் முடியாமலே போகலாம்.

பின்னோக்கி விரைவதிலும் ஒரு சிக்கல் உண்டு. முன்பக்கம் அமர்ந்த ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. அதற்காக வண்டியின் உட்புறத்தில் பின்நோக்கி இரண்டாவது ஸ்டீயரிங் பொருத்தப்பட்டது. அதனுடன் எரிபொருள் கட்டுப்பாடும் பிரேக்கும் எளிய வடிவில் இருந்தன. நெருக்கடியில் வண்டித் தலைவரே திரும்பி அந்த ஸ்டீயரிங்கைப் பற்றி வண்டியைச் செலுத்த முடியும்.

வடிவமைப்பாளர்கள் இந்தப் பாடத்தின் மறுபக்கத்தை டிங்கோவில் கற்றிருந்தார்கள். முதல் டிங்கோக்களில் நான்கு சக்கரங்களும் திரும்பின. குறுகிய இடத்தில் அது வசதி. ஆனால் வேகமாகச் செல்லும்போது பழக்கமில்லாத ஓட்டுநர் கையில் வண்டி ஆபத்தாக அலைந்தது. பின்வந்த வகைகளில் முன்சக்கரங்கள் மட்டும் திரும்புமாறு மாற்றினார்கள். தப்பிக்கும் கருவி எளிதில் கைக்கு அடங்குவதாகவும் இருக்க வேண்டும் என்பதே அந்த மாற்றத்தின் பொருள்.

அடிச்சட்டம் இல்லாத உடல்

டெய்ம்லருக்கு லாரிகளில் காணப்படுவது போன்ற தனி அடிச்சட்டம் கிடையாது. கவச உடலே சட்டமாகவும் பயன்பட்டது. சக்கரங்களின் தாங்கிகள் நேரடியாக அவ்வுடலில் பொருத்தப்பட்டன. நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் உண்டு. ஒவ்வொரு சக்கரமும் சுருள்வில்லின் மேல் தனித்தனியே ஏறி இறங்கும்.

இயந்திரத்தின் சக்தி சக்கரங்களை அடைந்த வழியும் புதுமையானது. வழக்கமாக வண்டியின் நடுவே நீளத் தண்டு ஒன்று ஓடும். முன்னும் பின்னும் குறுக்கு அச்சுகள் இருக்கும். அவற்றுக்கு மேலேதான் ஆட்கள் அமர முடியும், அதனால் வண்டி உயரும். டெய்ம்லரில் நடுவே ஒரே ஒரு டிஃபரன்ஷியல் இருந்தது. அதிலிருந்து சக்தி இடமும் வலமும் பிரிந்து, உடலின் இரு ஓரங்களிலும் முன்னும் பின்னும் ஓடிய நான்கு தண்டுகள் வழியே ஒவ்வொரு சக்கரத்தையும் அடைந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டு நெடுங்கோடுகளை நடுவில் ஒரு குறுங்கோடு இணைப்பது போலத் தோன்றும். குறுக்கு அச்சுகள் இல்லாததால் குழுவினர் தாழ அமர முடிந்தது. வண்டியின் உயரம் குறைந்தது. வேலிக்கும் மண்மேட்டுக்கும் பின்னே மறைவது எளிதாயிற்று.

பிரேக்கிலும் டெய்ம்லர் முன்னோடி. திரவ அழுத்தத்தில் இயங்கும் வட்டு பிரேக்குகளைப் பெற்ற மிக முந்திய வண்டிகளில் இதுவும் ஒன்று. காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய தடித்த டயர்கள் பொருத்தப்பட்டன. சக்கரத்தில் குண்டு பட்டதும் நின்றுவிடாமல் பாதுகாப்பான இடம்வரை செல்ல அவை உதவின.

கோபுரத்தில் இருவர், வேலையோ நான்கு

வண்டியில் மூவரே. முன்னே ஓட்டுநர். சுழல் கோபுரத்தில் பீரங்கி சுடுபவரும் வண்டித் தலைவரும். எதிரியைத் தேடுவது, வழி காட்டுவது, பீரங்கிக்குக் குண்டு நிரப்புவது, வானொலியில் செய்தி அனுப்புவது, தேவைப்பட்டால் பின் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது ஆகியவை வண்டித் தலைவரின் பொறுப்பாயின. அமைதியான நேரத்தில் இதைச் சமாளிக்கலாம். சண்டை மூண்டால் ஒருவர் இத்தனையையும் செய்வது கடினம். சிறிய வண்டிக்குக் கொடுத்த விலை இது.

பீரங்கியின் நிலை இன்னும் சிக்கலானது. வண்டி திட்டமிடப்பட்ட காலத்தில் 2 பவுண்டர் பிரிட்டிஷ் டாங்கிகளின் பீரங்கியாகவே இருந்தது. அப்போது அது எதிரி டாங்கிகளை அழிக்க வல்லது. 1943-க்குள் ஜெர்மன் டாங்கிகளின் முன்கவசம் அதன் ஆற்றலுக்கு அப்பால் சென்றுவிட்டது. கவச கார்களையும் லாரிகளையும் எதிர்க்க மட்டும் அது போதுமானதாக இருந்தது.

இதற்குத் தீர்வாக வந்தது லிட்டில்ஜான் என்னும் இணைப்பு. பீரங்கிக் குழாயின் முனையில் படிப்படியாகக் குறுகும் குழாய் ஒன்று திருகப்படும். சிறப்பாகச் செய்த குண்டு அதன் வழியே நெருக்கப்பட்டுக் கூடுதல் வேகத்தோடு வெளியேறும். இதைக் கண்டுபிடித்தவர் செக் நாட்டுப் பொறியாளர் ஃபிராந்திஷெக் யானெச்செக். அவருடைய குடும்பப் பெயரின் ஆங்கிலப் பொருளே கருவியின் பெயராயிற்று. ஐரோப்பிய முனையில் சில டெய்ம்லர்கள் இதைப் பெற்றன. ஆனால் இது பொருத்தப்பட்டிருக்கும்போது சாதாரணக் குண்டுகளைச் சுட முடியாது.

சில படைப்பிரிவுகள் இதற்கு நேர் எதிரான தீர்வை எடுத்தன. கோபுரத்தையே கழற்றி எறிந்தன. கோபுரம் இல்லாத டெய்ம்லர் தாழ்ந்தது, இலகுவானது, நாற்புறமும் தடையின்றிப் பார்க்கக் கூடியது. பீரங்கியைப் பெரிதாக்க முயன்றவர்களும் பீரங்கியே வேண்டாம் என்றவர்களும் ஒரே வண்டியைத்தான் பயன்படுத்தினர். பிறந்தபோது இட்ட பெயரிலேயே இருந்த கேள்விக்குப் போர்க்களம் தந்த இரு விடைகள் இவை.

ஒரு பாலமும் ஒரு செய்தியும்

1943 மே 7 அன்று துனிஸ் நகருக்குள் முதலில் நுழைந்தவை 11-ஆம் ஹுஸார், டெர்பிஷயர் யோமன்ரி ஆகிய இரு ரெஜிமென்ட்களின் கவச வண்டிகள். வட ஆப்பிரிக்கப் போர் அதற்குச் சில நாட்களில் முடிவுக்கு வந்தது. விரைவு தேவைப்பட்ட இடத்தில் சக்கர வண்டிகள் எவ்வளவு பயன்பட்டன என்பதற்கு அது சான்று.

வேவுப் பணியின் உண்மையான மதிப்பைக் காட்டுவது 1944 ஜூலை 31 அன்று நார்மண்டியில் நடந்த நிகழ்ச்சி. புளூகோட் என்ற தாக்குதலின் இரண்டாம் நாள் அது. இரண்டாம் ஹவுஸ்ஹோல்ட் கேவல்ரி ரெஜிமென்ட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் டிக்கி பவுல், ஒரு கவச காரோடும் ஒரு டிங்கோவோடும் ஜெர்மன் அணிகளுக்கு இடையே ஊடுருவிச் சென்றார். அந்தப் பாதை இரண்டு ஜெர்மன் படைப்பிரிவுகளின் எல்லைக்கோட்டில் இருந்தது. அதைக் காப்பது மற்றவர் பொறுப்பு என்று இரு தரப்பும் எண்ணியிருந்தன. சூல்வர் ஆற்றின் மேல் சிதையாத பாலம் ஒன்றை அவர் கண்டார். அதன் காவல் மிகக் குறைவு. காவலாளை அடக்கிவிட்டு, பாலம் முழுமையாக இருக்கிறது என்ற செய்தியை வானொலியில் அனுப்பினார். டாங்கிகள் விரைந்து வந்து பாலத்தைப் பிடித்தன. 11-ஆம் கவசப் படைப்பிரிவு அதன் வழியே முன்னேறியது.

அந்தச் சாதனையை நிகழ்த்தியது பீரங்கியின் வலிமையன்று. ஓசையின்றிச் சென்ற இரண்டு சிறு வண்டிகளும் ஒரு வானொலிக் கருவியும்தான். அதே சமயம் இப்பணியின் இன்னொரு முகத்தையும் மறக்கக் கூடாது. பல பயணங்களில் எதிரி இருக்கும் இடம் தெரியவந்தது, முன்னே சென்ற வண்டி தாக்கப்பட்டபோதுதான். கண்ணிவெடிக்கும் தோளில் வைத்துச் சுடும் கவச எதிர்ப்பு ஆயுதங்களுக்கும் 16 மில்லிமீட்டர் இரும்பு விடை ஆகவில்லை. பின்னோட்டத்துக்கு ஐந்து கியர் கொடுத்த வடிவமைப்பாளர்கள் அந்த ஆபத்தைக் குறைத்தார்கள், நீக்க முடியவில்லை.

பிற நாட்டு வண்டிகளுடன் ஓர் ஒப்பீடு

இதே சிக்கலைப் பிற நாடுகளும் சந்தித்தன. ஜெர்மனியின் எட்டுச் சக்கரக் கவச கார்களில் எட்டுச் சக்கரங்களும் இயங்கின, எட்டும் திரும்பின. பின்பக்கம் தனியாக இரண்டாம் ஓட்டுநர் அமர்ந்திருந்தார். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் செல்ல முடிந்தது. அவ்வரிசையில் பிற்காலத்தில் வந்த பூமா, 50 மில்லிமீட்டர் பீரங்கி ஏந்தியது. ஆனால் சுமார் 100 மட்டுமே தயாரானது. இத்தாலியின் ஏபி 41 வண்டியிலும் பின்நோக்கிய ஓட்டுநர் இருக்கை இருந்தது. தனித்தனியே சிந்தித்த மூன்று நாடுகள் ஒரே முடிவுக்கு வந்தன என்பதே அத்தேவை எவ்வளவு உண்மையானது என்பதைக் காட்டுகிறது. டெய்ம்லரின் சிறப்பு, இரண்டாம் ஓட்டுநரைச் சுமக்காமல் அதே பயனைப் பெற்றது.

அமெரிக்காவின் எம்8 கிரேஹவுண்ட் வேறு பாதையில் சென்றது. ஆறு சக்கரம், 37 மில்லிமீட்டர் பீரங்கி, மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகம். ஆனால் பின்செல்ல ஒரே கியர். அடித்தளத் தகடு மெல்லியது என்பதால் வீரர்கள் தரையில் மணல் மூட்டைகளைப் பரப்பிக்கொண்டனர். எனினும் அதன் அமைப்பு எளியது, உற்பத்தி விரைவானது. 8,500-க்கும் மேற்பட்டவை தயாராயின. பிரிட்டனுக்குள்ளேயே ஹம்பர் என்ற எளிய கவச கார் 3,600-க்கும் மேல் தயாரானது. டெய்ம்லரின் நுட்பமான உறுப்புகளுக்குத் தேர்ந்த தொழிலாளர்களும் அதிக நேரமும் தேவைப்பட்டன. நல்ல வடிவமைப்பு வேண்டுமா, நிறைய வண்டிகள் வேண்டுமா என்ற தேர்வில் டெய்ம்லர் முன்னதன் பக்கம் நின்றது. பிரிட்டன் இரண்டையும் அருகருகே பயன்படுத்திக்கொண்டது.

இந்தியப் படையும் கவச கார்களும்

பர்மா போர்முனையின் காடுகளிலும் மலைகளிலும் கவச கார்களுக்கு இடமில்லை. 1945-இல் போர் நடு பர்மாவின் வறண்ட சமவெளியை எட்டியபோதுதான் அவற்றின் காலம் வந்தது. மெய்க்டிலா நகருக்கான போரில் கவச கார்களோடு ஈடுபட்ட இந்திய ரெஜிமென்ட் 16-ஆம் லைட் கேவல்ரி. 18-ஆம் நூற்றாண்டின் மதராஸ் குதிரைப்படையில் தோன்றிய இந்த ரெஜிமென்ட், இன்றைய இந்திய ராணுவத்தின் மிகப் பழைய கவசப் படைப்பிரிவு. பர்மாவில் அதற்குத் தலைமை தாங்கிய ஜெ. என். சௌத்ரி பின்னர் 1962 முதல் 1966 வரை இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்தார். குதிரையில் தொடங்கிய வேவுப் பணி சக்கரத்துக்கு மாறிய வரலாற்றை இந்த ஒரு ரெஜிமென்ட்டின் கதையிலேயே காணலாம்.

போருக்குப் பின்

போரின் இறுதியில் டெய்ம்லருக்கும் ஹம்பருக்கும் பதிலாக கோவென்ட்ரி என்ற புதிய கவச கார் திட்டமிடப்பட்டது. அது குறைந்த எண்ணிக்கையோடு நின்றுபோனது. டெய்ம்லரோ பிரிட்டிஷ் படையில் 1960 வரையிலும் பணியில் இருந்தது. தனக்கு மாற்றாக வந்த வண்டியைவிட நீண்ட காலம் வாழ்ந்தது.

அதன் உண்மையான வாரிசு 1952 முதல் டெய்ம்லர் தயாரித்த ஃபெரட் வேவு வண்டி. திரவ ஃப்ளைவீல், முன்தேர்வு கியர் பெட்டி, ஓரங்களில் ஓடும் நான்கு தண்டுகள், இரு திசைக்கும் ஐந்து கியர் ஆகிய அனைத்தும் அதில் தொடர்ந்தன. இந்தியாவும் இலங்கையும் உட்பட உலகின் பல நாட்டுப் படைகள் ஃபெரட்டைப் பயன்படுத்தின. இங்கிலாந்தின் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் டெய்ம்லர் கவச காரை இன்றும் காணலாம்.

போர் வண்டிகளைப் பற்றிப் படிக்கும்போது கவசத்தின் தடிமனையும் பீரங்கியின் விட்டத்தையும் ஒப்பிட்டு எது பெரிது என்று முடிவு கட்டுவது எளிது. அந்த அளவுகோலில் டெய்ம்லர் பின்தங்கியே நிற்கும். அவ்வண்டி எந்த வேலைக்கு அனுப்பப்பட்டது என்று கேட்டால் மதிப்பீடு மாறும். கண்டதைச் சொல்லத் திரும்பி வராத வேவு வண்டியால் படைக்குக் கிடைப்பது பாதிச் செய்திதான். அந்த மூவரும் திரும்பி வருவதற்கு ஓசை குறைந்த இயந்திரமும், பின்னோக்கிய ஐந்து கியர்களும், இன்னொரு ஸ்டீயரிங்கும் வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்ததே டெய்ம்லர் வடிவமைப்பின் சிறப்பு.